மாயக்களமும் மெய்க்களமும்: கலிங்கத்துப்பரணியில் மந்திர ஆற்றலும் படையாற்றலும்

ஆய்வுச் சுருக்கம்

ஒருவர் தம் மந்திர வலிமையால் ஒரு சேனையையே வீழ்த்தக்கூடும் என்னும் கற்பனை, பழங்காப்பியங்கள் முதல் இன்றைய மிகுபுனைவு விளையாட்டுகள் வரை தொடர்கிறது. அவ்வாறாயின் அக்கற்பனை உலகில் படைக்கு என்ன தேவை என்னும் வினா எழுகிறது. இவ்வினாவைச் சயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியை முதன்மைச் சான்றாகவும், கம்பராமாயணத்தின் இந்திரசித்து பகுதிகளையும் பெரம்பலூர் மாவட்டம் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் தலவரலாற்றையும் துணைச் சான்றுகளாகவும் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. பயன், சூழல், உரிமை என்னும் மூன்று எல்லைகளுக்கு உட்பட்டதாகவே மந்திர ஆற்றலைத் தமிழ்மரபு காட்டுகிறது என்பதும், வெறும் வேடிக்கைப் பகுதியாகக் கருதப்பட்டுவரும் ‘இந்திரசாலம்’ பரணியின் கருத்தமைப்பில் நடுநாயகமான இடம் பெறுகிறது என்பதும் இக்கட்டுரையின் முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்: பரணி, இந்திரசாலம், முதுபேய், மந்திரம், ஆணை, நிகும்பலை, சிறுவாச்சூர், மதுரகாளி.

முன்னுரை

மிகுபுனைவு விளையாட்டுகளுள் முன்னோடியாகிய ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அதனை உருவாக்கியவர்கள் கேரி கைகாக்சு, டேவ் ஆர்னசன் ஆகிய இருவர். அதற்கு மூலமாக அமைந்தது 1971இல் வெளிவந்த ‘செயின்மெயில்’ என்னும் போர் விளையாட்டு. இடைக்காலப் படைகளைச் சிறு உருவங்களாக மேசைமேல் நிறுத்தி ஆடும் அவ்விளையாட்டின் பிற்சேர்க்கையில் மந்திரவாதி இடம்பெற்றான். அவன் ஏவும் தீயுருண்டை பெரிய கவண்பொறியின் தாக்குதலுக்கும், மின்னல் பீரங்கியின் தாக்குதலுக்கும் இணையாக வைத்து எண்ணப்பட்டன. அஃதாவது, மந்திரவாதி முதலில் படையின் ஓர் உறுப்பாகவே தோன்றினான். பின்னர் விளையாட்டு வளர வளர அவன் ஆற்றலும் வளர்ந்து, ‘இவன் ஒருவன் இருக்கும்போது ஆயிரம் வீரர் எதற்கு?’ என்னும் வினா ஆடுவோரிடையே எழுந்தது.

இவ்வினா தமிழுக்குப் புதியதன்று. தெய்வமும் பேயும் மாயமும் போரும் ஒருங்கே அமைந்த இலக்கிய வகை தமிழில் உண்டு. அது பரணி. போர்க்களத்தில் ஆயிரம் யானைகளைக் கொன்று வென்ற வீரனைப் பாடுவது பரணி என்று பாட்டியல் இலக்கணம் வரையறுக்கும். எண்ணத்தக்க யானைப் பிணங்களே இவ்விலக்கிய வகைக்கு அடிப்படைத் தகுதி. ஆயினும் அந்நூலின் பாத்திரங்களுள் பெரும்பாலானவை காளியும் அவளைச் சூழ்ந்த பேய்களுமே. மனிதப்படையின் வெற்றியைப் பாட வந்த நூல், மனிதர் அல்லாத ஆற்றல்களின் அவையில் ஏன் நிகழ்கிறது? அவ்வாற்றல்கள் போரில் என்ன செய்கின்றன? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வு நிலப்பரப்பு

கலிங்கத்துப்பரணியின் பாட்டுடைத் தலைவனாகிய முதற் குலோத்துங்கன் (கி.பி. 1070–1120) வீற்றிருந்து ஆண்ட தலைநகர் கங்கைகொண்ட சோழபுரம். முதலாம் இராசேந்திரன் உருவாக்கிய அந்நகர் இன்று அரியலூர் மாவட்டத்தில் உள்ளது. ஒருங்கிணைந்த திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து 1995இல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. அதிலிருந்து 2001இல் பிரிந்து, மீண்டும் இணைந்து, 2007இல் அரியலூர் தனிமாவட்டமாயிற்று. ஆகவே, நிருவாக வரலாற்றிலும் பண்பாட்டிலும் இவ்விரு மாவட்டங்களையும் ஒரு நிலப்பரப்பாகக் கொள்வது பொருந்தும்.

இங்கு ஒரு தெளிவு தேவை. கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்துள்ள செயங்கொண்டம் என்னும் ஊர்ப்பெயரையும் சயங்கொண்டார் என்னும் புலவர் பெயரையும் இணைத்துப் பேசும் வழக்கு உண்டு. ‘சயங்கொண்ட’ என்பது சோழர் காலத்தில் பரவலாக வழங்கிய விருதுச் சொல். பெயரொற்றுமை ஒன்றைக் கொண்டு புலவரின் பிறப்பிடத்தை முடிவு செய்ய இயலாது. இந்நிலப்பரப்பைத் தேர்ந்தமைக்குக் காரணம் அப்பெயரொற்றுமை அன்று. படையனுப்பிய அரசின் தலைநகரும், மந்திரவாதியைக் காளி வென்றதாகக் கூறும் சிறுவாச்சூர்த் தலமும் ஒரே நிலப்பரப்பில் அமைந்திருப்பதே காரணம். முன்னது படையை முதன்மைப்படுத்தும் அரசவை இலக்கியத்தையும், பின்னது படையே இடம்பெறாத மக்கள் வழக்காற்றையும் நமக்குத் தந்துள்ளன. இரண்டிற்கும் பொதுவான தெய்வம் காளி.

மந்திரம்: சொல்லும் பொருளும்

தொல்காப்பியச் செய்யுளியல் மந்திரத்தை வரையறுக்கும்போது, நிறைந்த சொல்லாற்றல் உடையோர் தம் ஆணையால் வெளிப்படுத்தும் மறைபொருட் சொல் என்று கூறுகிறது. இவ்வரையறையில் ‘ஆணை’ என்னும் சொல் கருதத்தக்கது. சொல்லியது நடந்தேறுதல் என்பதே ஆணையின் பொருள். அவ்வகையில் முனிவரின் மந்திரமும் அரசரின் கட்டளையும் ஒரே தன்மையுடையன. இரண்டும் சொல்லால் உலகை அசைப்பன.

மந்திரம் என்னும் சொல்லுக்கு மற்றொரு பொருளும் தமிழில் நிலைபெற்றுள்ளது. அரசன் அமைச்சரோடு மறைவில் செய்யும் சூழ்ச்சி, அதாவது அறிவுரை, மந்திரம் எனப்பட்டது. மந்திரச் சுற்றம், மந்திரி ஆகிய சொற்கள் இதன் வழிப்பட்டவை. அரசின் உறுப்புகளை எண்ணும் திருவள்ளுவர் படையை முதலில் வைத்து, குடி, கூழ், அமைச்சு, நட்பு, அரண் எனத் தொடர்கிறார். அவ்வாறனுள் மாய வித்தைக்கு இடமில்லை. ஆனால் அறிவுரையாகிய மந்திரத்திற்கு அமைச்சு என்னும் இடம் உண்டு. இவ்விரு பொருள்களும் கலிங்கத்துப்பரணியைப் படிப்பதற்குத் துணைசெய்வன.

இந்திரசாலம்: பயன் என்னும் எல்லை

கடவுள் வாழ்த்து, கடைதிறப்பு, காடு பாடியது, கோயில் பாடியது, தேவியைப் பாடியது, பேய்களைப் பாடியது, இந்திரசாலம், இராச பாரம்பரியம், பேய் முறைப்பாடு, அவதாரம், காளிக்குக் கூளி கூறியது, போர் பாடியது, களம் பாடியது எனக் கலிங்கத்துப்பரணி 13 பகுதிகளை உடையது. இவற்றுள் ஏழாவது இந்திரசாலம். முன்னும் பின்னும் ஆறு ஆறு பகுதிகள் அமைய, நூலின் நடுவில் அது நிற்கிறது. உரையாசிரியரும் திறனாய்வாளரும் இப்பகுதியைப் பெரும்பாலும் நகைச்சுவைக்கும் வியப்புச்சுவைக்கும் எடுத்துக்காட்டாகவே கொள்வர். அக்கருத்தில் தவறில்லை எனினும், அது முழுமையானதன்று.

நிகழ்வு இதுவே: காளியின் சினத்திற்கு அஞ்சி முன்னொரு காலத்தில் இமயத்திற்கு ஓடிய முதுபேய் ஒன்று திரும்பி வருகிறது. தான் அங்கே கற்ற மாய வித்தையைக் காளியின் முன் காட்ட விழைகிறது. ஒரு கையில் யானைத் துதிக்கைகளைக் காட்டுகிறது; மறுகைக்கு மாற்றியதும் அவை யானைத் தலைகள் ஆகின்றன. தொடர்ந்து குருதியும் நிணமும் தலையற்ற உடல்களும் நிறைந்த ஒரு போர்க்களமே அவையினர் கண்முன் விரிகிறது. நெடுநாள் பசித்திருந்த பேய்கள் அதன்மேல் பாய்கின்றன. குருதி என்று அள்ளினால் கை வெறுமையாக இருக்கிறது. நிணம் என்று துழாவினால் வறுநிலம் தட்டுப்படுகிறது. ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வருந்தியதே மிச்சம். இறுதியில், இவ்வித்தையை நிறுத்துமாறு பேய்களே வேண்டுகின்றன.

பேய்கள் மாயத்தைப் பார்த்து மருளவில்லை என்பதை இங்கே கருத வேண்டும். பேய்களுக்கு மாயம் புதுமையன்று. அவை வெறுப்பது மாயத்தின் பயனின்மையை. முதுபேயின் வித்தை போரின் காட்சியை முழுமையாக உருவாக்குகிறது. போரின் விளைவை உருவாக்கவில்லை. காட்சியளவில் மெய்க்களத்திற்கு எவ்வகையிலும் குறைவுபடாத களம், வயிற்றளவில் ஒன்றுமில்லாததாகிறது. பரணி மந்திர ஆற்றலை அளக்க எடுத்துக்கொண்ட அளவுகோல் பசியே. எத்தனை பேரை வீழ்த்தும், எத்தனை காதம் பரவும் என்று இன்றைய விளையாட்டு மந்திரத்தை எண்களால் அளக்கிறது. சயங்கொண்டாரோ அது யாருடைய பசியைத் தீர்க்கும் என்று அளக்கிறார்.

இந்திரசாலத்தை அடுத்து வருவது இராச பாரம்பரியம். அதனைக் கூறுவதும் அதே முதுபேயே. இமயத்தில் கரிகாலன் பொறிக்கச் செய்த சோழர் குலவரலாற்றைத் தான் அங்கே கண்டு அறிந்ததாக அது காளியிடம் உரைக்கிறது. ஆகவே, இமயத்திலிருந்து அப்பேய் கொணர்ந்தவை இரண்டு: ஒன்று மாயம், மற்றொன்று வரலாறு. முன்னதைப் பேய்கள் ‘வேண்டா’ என மறுக்கின்றன. பின்னதற்கு அவை முழுதும் செவி கொடுக்கிறது. கல்லில் பொறித்த சொல் நிலைக்கும், கண்ணில் பொறித்த காட்சி நிலையாது என்னும் வேறுபாடு இவ்விரு பகுதிகளின் வைப்புமுறையாலேயே உணர்த்தப்படுகிறது. மெய்க்கீர்த்திகளைக் கற்களில் பொறித்துப் பரப்பிய சோழப் பேரரசின் காலத்து நூலில் இவ்வமைப்பு இடம்பெற்றிருப்பது வியப்பன்று.

இக்கருத்திற்கு ஒரு தடை எழக்கூடும். அதே நூலில், கலிங்கத்தில் தான் கண்ட தீநிமித்தங்களை முதுபேய் கூற, அவற்றைக் கொண்டு போர் வருவதைக் காளி முன்னுணர்த்துகிறாளே. ஆகவே பரணி இயற்கை இறந்த ஆற்றலை ஏற்கத்தானே செய்கிறது என்பர். உண்மை. பரணி மாயத்தை மறுக்கும் பகுத்தறிவு நூலன்று. நிமித்தத்தை அது ஏற்கிறது. ஏனெனில் நிமித்தம் வரப்போகும் மெய்ப்போரைச் சுட்டும் குறி. இந்திரசாலத்தை அது விலக்குகிறது. ஏனெனில் அது மெய்ப்போருக்கு மாற்றாகத் தன்னை நிறுத்திக்கொள்கிறது. சுட்டுவது ஏற்கப்படுகிறது, போலியாவது தள்ளப்படுகிறது.

போரில் காளியின் இடம்

நூலிலேயே பேராற்றல் வாய்ந்தவள் காளி. அவள் நினைத்திருந்தால் கலிங்கப் படையைத் தான் ஒருத்தியாகவே அழித்திருக்கலாம். ஆனால் அவள் போரில் கலந்துகொள்ளவில்லை. காஞ்சியில் இருந்த குலோத்துங்கன் திறை செலுத்தாத வடகலிங்க வேந்தன்மேல் படையெடுக்க ஆணையிடுகிறான். வண்டையர்கோன் கருணாகரத் தொண்டைமான் படைத்தலைமை ஏற்கிறான். ஆறுகள் பல கடந்து படை கலிங்கத்தை அடைகிறது. இப்போர் கி.பி. 1110ஐ ஒட்டி நிகழ்ந்ததென வரலாற்றாசிரியர் கொள்வர். காளி இவற்றையெல்லாம் கூளியின் வாய்மொழியாகக் கேட்கிறாள். போர் முடிந்த பின்னரே களத்தைக் காண எழுந்தருளுகிறாள்.

குலோத்துங்கனைத் திருமாலின் பிறப்பாக ‘அவதாரம்’ பாடுகிறது. அவ்வாறு பாடியும், அவன் கையில் தெய்வப் படைக்கலம் எதனையும் தந்து போருக்கு அனுப்பவில்லை. அவன் போருக்கே செல்லவில்லை. அவனிடமிருந்து புறப்பட்டது ஓர் ஆணை. களத்தில் அதனை நிறைவேற்றியவை யானையும் குதிரையும் வில்லும் வாளும். தொல்காப்பியர் மந்திரத்திற்குக் கூறிய ‘ஆணையால் வெளிப்படும் சொல்’ என்னும் இலக்கணம் இங்கே அரசனின் சொல்லுக்குப் பொருந்திவிடுகிறது. சொல்லைச் செயலாக்குவது படை. மந்திரவாதியின் சொல்லுக்கும் அரசனின் சொல்லுக்கும் இடையே உள்ள வேறுபாடு இதுவே: முன்னவனின் சொல் தானே விளைவாக முயல்கிறது, பின்னவனின் சொல் பல்லாயிரவர் உடலின் வழியாக விளைவை அடைகிறது.

மாயை எனப்பட்ட படை

போரில் நிலைகுலைந்து ஓடும் கலிங்கர், தம்மேல் வந்தது யாது என்று தெளியமாட்டாமல் மயங்குகின்றனர். இது மாயையா, தீயா, கூற்றுவனா, ஊழியின் முடிவா என்று அவர்கள் தமக்குள் கேட்டுக்கொள்வதாகச் சயங்கொண்டார் பாடியுள்ளார். அவ்வரிசையில் மாயை முதலாவதாக நிற்பது கருதத்தக்கது. இந்திரசாலத்தில் மாயம் போர்க்களமாகத் தோன்றியது. போர் பாடியதில் படை மாயமாகத் தோன்றுகிறது. முன்னதில் ஏமாந்தவை பேய்கள். பின்னதில் மயங்கியவர் மனிதர். இவ்விரண்டும் எதிரெதிர் நிழல்களாக அமைந்து, நூலின் நடுப்பகுதியையும் இறுதிப்பகுதியையும் இணைக்கின்றன.

மாயம் மெய்யைப் போலத் தோன்றுவது அதன் தோல்வி. மெய்ப்படை மாயத்தைப் போலத் தோன்றுவது அதன் வெற்றி. ஒருங்கிணைந்து இயங்கும் பெரும்படையை முதன்முறை எதிர்கொள்வோர்க்கு அது மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்டதாகவே தோன்றும் என்னும் உளவியல் உண்மையும் இதனுள் அடங்கியுள்ளது.

கலிங்கத்தின் தோல்விக்கு நூல் காட்டும் காரணமும் இங்கே கருதற்குரியது. சோழப்படை வரும் செய்தி அறிந்து அனந்தபன்மன் இகழ்ந்து பேசியபோது, அவன் அமைச்சன் எங்கராயன் சோழர்தம் வலிமையை எடுத்துக்கூறி அறிவுறுத்துகிறான். மன்னன் அதனை ஏற்கவில்லை. கலிங்கனைக் காத்திருக்கக்கூடிய ஒரே மந்திரம் அமைச்சனின் மந்திரம். அதனைத் தள்ளியவனுக்கு வேறு எம்மந்திரமும் கைகொடுக்கவில்லை. மந்திரம் என்னும் சொல்லின் இரு பொருள்களுள் எதற்குப் பரணி மதிப்பளிக்கிறது என்பது இதனால் தெளிவாகிறது.

நிகும்பலை: சூழல் என்னும் எல்லை

இதுவரை கண்டது பயனற்ற மாயம். ஆனால் மந்திரம் மெய்யாகவே கொல்லும் ஆற்றல் பெற்றிருந்தால் என்ன ஆகும்? இவ்வினாவிற்குப் பரணியில் விடையில்லை. அப்பரணி தன் தலைவனோடு ஒப்பிட்டுப் பேசும் இராமனின் கதையில் விடை உண்டு. கம்பராமாயண யுத்த காண்டத்து இந்திரசித்து, தமிழ்க் காப்பியங்கள் காட்டும் மந்திரப் போர்வீரருள் தலைசிறந்தவன். மேகத்தில் மறைந்து நின்று நாகபாசத்தால் இலக்குவனையும் வானரப் படையையும் பிணிக்கிறான். பிரமாத்திரத்தால் மீண்டும் அவர்களை வீழ்த்துகிறான். நாகபாசத்திற்குக் கருடனும், பிரமாத்திரத்திற்கு அனுமன் கொணர்ந்த மருத்துமலையும் மாற்றாக அமைந்தன. படை தன் வலிமையால் இவ்விரண்டையும் வென்றதாகக் கம்பர் பாடவில்லை.

ஆயினும், இந்திரசித்தின் அழிவு தொடங்கிய இடம் நிகும்பலை. மாயாசீதையைக் கொன்று காட்டி வானரரைத் துயரில் ஆழ்த்திவிட்டு, வெல்லற்கரிய ஆற்றலைப் பெறும் வேள்வியைச் செய்ய அவன் அங்கே செல்கிறான். வீடணன் வண்டின் உருவெடுத்துச் சென்று, சீதை உயிரோடிருப்பதையும் வேள்வி நடைபெறவிருப்பதையும் அறிந்து வருகிறான். இலக்குவனோடு வானரப்படை நிகும்பலையைச் சூழ்ந்து, வேள்வியைச் சிதைக்கிறது. வேள்வி நிறைவேறாத இந்திரசித்து வில்லேந்திப் போரிட்டு மடிகிறான்.

இதிலிருந்து இரு செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, மந்திரத்திற்குக் காலமும் இடமும் இடையூறின்மையும் வேண்டும். படையின் பணி மந்திரத்தோடு மோதுவதன்று; மந்திரம் நிறைவேறுவதற்கான சூழலை மறுப்பதே அதன் பணி. அதற்கு உளவு இன்றியமையாதது. இரண்டாவது, நிகும்பலையில் வேள்வியைக் காத்து நின்றதும் ஓர் அரக்கர் படையே. பெரும் மந்திர வல்லோனும் தன் மந்திரம் முடியும்வரை தன்னைக் காக்க வீரரை நாடுகிறான். ‘மந்திரவாதி இருக்கப் படை எதற்கு?’ என்னும் வினாவிற்கு, ‘மந்திரவாதிக்கே படை வேண்டும்’ என்பது கம்பர் காப்பியம் தரும் விடை. ஒட்டக்கூத்தரின் தக்கயாகப்பரணியிலும், தேவர்தம் காவலோடு நடந்த தக்கனின் வேள்வியை வீரபத்திரர் தலைமையிலான பூதப்படை சென்று அழிக்கிறது. சடங்கும் சேனையும் எதிர்ப்பட்டால் சடங்கின் நிறைவைத் தடுப்பதே வெற்றி என்னும் கருத்து இரு நூல்களுக்கும் பொதுவாக உள்ளது.

சிறுவாச்சூர்: உரிமை என்னும் எல்லை

அரசவை இலக்கியங்களில் மந்திரத்தை எதிர்கொள்ளப் படை உண்டு. படையற்ற எளிய மக்கள் மந்திரவாதியை எவ்வாறு எதிர்கொள்வர்? இவ்வினாவிற்குச் சிறுவாச்சூர் வழக்காறு விடை தருகிறது. பெரம்பலூருக்குத் தெற்கே, திருச்சிராப்பள்ளி–சென்னை நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த சிறுவாச்சூரில் மதுரகாளியம்மன் கோயில் உள்ளது. திங்கள், வெள்ளி ஆகிய இரு கிழமைகளில் கோயில் திறந்து வழிபாடு நடைபெறுவது இதன் தனித்தன்மை. பல குடும்பங்களுக்குக் குலதெய்வமாக விளங்கும் இத்தலத்தின் வரலாறு பின்வருமாறு கூறப்படுகிறது.

இவ்வூரில் முதலில் கோயில் கொண்டிருந்தவள் செல்லியம்மன். மந்திரவாதி ஒருவன் தன் வித்தையால் அவளைக் கட்டுப்படுத்தி, அவள் ஆற்றலைத் தன் தீச்செயல்களுக்குப் பயன்படுத்தி வந்தான். மதுரையிலிருந்து சினத்தோடு வந்த காளி, ஓர் இரவு தங்க இவ்வூரில் இடம் கேட்டாள். இக்காளியைக் கண்ணகியாகக் கொள்ளும் வழக்கும் உண்டு. செல்லியம்மன் தன் நிலையைக் கூற, காளி அம்மந்திரவாதியை அழித்தாள். செல்லியம்மன் தன் இடத்தைக் காளிக்கே விட்டுப் பெரியசாமி மலைக்குச் சென்றாள். வழிபாட்டில் மலையுறை செல்லியம்மனுக்கு இன்றும் முதன்மை தரப்படுகிறது என்பர்.

இக்கதையில் மந்திரவாதியின் ஆற்றல் அவனுடையதன்று. அது பிணிக்கப்பட்ட தெய்வத்திடமிருந்து பறிக்கப்பட்டது. ஆகவே, அவன் கட்டுக்குள் வராத மற்றொரு தெய்வம் வந்த அளவிலேயே அவன் வலிமை முடிந்துவிடுகிறது. அவன் செல்லியம்மனைக் கட்டினான். காளியைக் கட்டும் உரிமை அவனுக்கில்லை. மந்திரம் கடன்பெற்ற ஆற்றல் என்பதும், கடன் கொடுத்தவர் இசைவின்றி நிலைக்காது என்பதும் இக்கதையின் உட்கிடை. பரணியின் முதுபேய் காளியின் முன் தன் வித்தையைக் காட்ட அவள் இசைவை நாடி நிற்பதும், பேய்கள் வேண்டியதும் அதனைக் கைவிடுவதும் இவ்வுரிமைக் கருத்தோடு ஒத்துச் செல்கின்றன.

மக்கள் வழக்காற்றில் அரசனோ படையோ உதவிக்கு வரவில்லை என்பதும் எண்ணத்தக்கது. பேரரசின் தலைநகர் இருந்த நிலப்பரப்பிலேயே, ஊரைத் துன்புறுத்திய ஒருவனை அடக்க ஊர் நம்பியது அரசப்படையை அன்று. இரவில் வந்து இடம் கேட்ட வழிப்போக்குப் பெண்தெய்வத்தை. படை திறை கொடாத வேந்தனுக்கு எதிரானது. ஊரின் துயர் அதன் கணக்கில் இல்லை என்னும் மக்கள் பார்வை இதில் வெளிப்படுவதாகக் கொள்ளலாம்.

மெய்க்களத்தின் விலை

பயன், சூழல், உரிமை என்னும் மூன்று எல்லைகளால் மந்திரம் படைக்குப் பின்தள்ளப்படுகிறது. ஆனால் இம்முடிவோடு நின்றுவிட்டால் சயங்கொண்டாரை முழுமையாகப் படித்தவர் ஆகமாட்டோம். படையின் மேன்மைக்குச் சான்று கூறுவோர் யாவர் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிணந்தின்னும் பேய்களே அவ்வாறு கூறுகின்றன. மாயக்களத்தின் குறை, அதில் எவரும் சாகவில்லை என்பதே. மெய்க்களத்தின் நிறை, அதில் உண்ண உடல் கிடைப்பதே. களம் பாடியதில் பேய்கள் கூழட்டு, குருட்டுப் பேய்க்கும் ஊமைப் பேய்க்கும் கருவுற்ற பேய்க்கும் கனாக்கண்ட பேய்க்கும் எனப் பகிர்ந்தளித்து உண்கின்றன. ஒருவரும் விடுபடாத அவ்விருந்தின் ஒழுங்கு படிப்போரை நகைக்கவும் நடுங்கவும் வைக்கிறது.

அதே களத்தில், தன் கணவன் வீழ்ந்து கிடக்கும் இடம் எது என்று இடாகினியைக் கேட்டு அலையும் மனைவியையும் சயங்கொண்டார் காட்டுகிறார். இந்திரசாலத்தின் களத்தில் யானைத்தலை இருந்தது, குருதி இருந்தது, தலையற்ற உடல் இருந்தது. கணவனைத் தேடும் பெண் இல்லை. மாயத்தால் பிணத்தைக் காட்ட முடியும். கைம்மையைக் காட்ட இயலாது. மாயக்களத்தையும் மெய்க்களத்தையும் வேறுபடுத்தும் உண்மையான அடையாளம் அவளே என்பது இக்கட்டுரையின் துணிபு. அரசனைப் பாட வந்த புலவர் போரை மறுத்தார் என்று கூற இயலாது. ஆனால் எவரையும் கொல்லாத ஒரு களத்தை நூலின் நடுவில் வைத்து, கொல்லும் களத்தை இறுதியில் வைத்ததன் வாயிலாக, இரண்டையும் ஒப்புநோக்கும் வாய்ப்பைப் படிப்போர்க்குத் தந்துள்ளார் என்று கூறலாம்.

கங்கைகொண்ட சோழபுரத்திற்கு அருகிலுள்ள செங்கமேட்டில் கலிங்கக் கலைப்பாணியிலான சிற்பங்கள் உள்ளன. இராசேந்திரனின் வடதிசைப் படையெடுப்பின் வெற்றிச் சின்னங்களாக அவை கொணரப்பட்டவை என்று தொல்லியல் ஆய்வாளர் கருதுவர். அப்படையெடுப்பு பரணி பாடும் போருக்குப் பல்லாண்டுகள் முற்பட்டது. எனினும், படையெடுப்பு என்பது ஓரிடத்துப் பொருளை மற்றோரிடத்துக்குப் பெயர்த்து, மீட்கவியலாத மாற்றத்தை விளைப்பது என்பதற்கு அவை கல்லாலான சான்றுகள். இந்திரசாலம் கலைந்தால் பழைய நிலம் மீளும். படை சென்ற நிலம் பழைய நிலமாக மீள்வதில்லை.

முடிவுரை

இவ்வாய்வின் வழிப் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு:

1. கலிங்கத்துப்பரணியில் இந்திரசாலம் இடைப்பிறவரலான வேடிக்கையன்று. 13 பகுதிகளுள் ஏழாவதாக நின்று, பின்வரும் மெய்ப்போருக்கு எதிர்நிலைக் களமாக அமைகிறது. படையைக் கண்ட கலிங்கர் ‘மாயையோ’ என மயங்கும் இடம் இதனோடு இணைத்துப் படிக்கத்தக்கது.

2. மந்திரம், படை என்னும் முரண் ஆற்றலின் அளவைப் பொறுத்ததாகத் தமிழில் காட்டப்படவில்லை. இந்திரசாலம் பயனாலும், நிகும்பலை வேள்வி சூழலாலும், சிறுவாச்சூர் மந்திரவாதி உரிமையாலும் எல்லைப்படுகின்றனர்.

3. அரசனின் ஆணையும் அமைச்சனின் அறிவுரையும் ‘மந்திரம்’ என்னும் சொற்பொருளுக்குள் அடங்குவதால், தமிழ் அரசியல் மரபு மாய ஆற்றலின் இடத்தில் சொல்லாற்றலை வைத்துள்ளது எனலாம். எங்கராயன் பகுதி இதற்குச் சான்று.

4. அரசவை இலக்கியம் மந்திரத்திற்கு எதிராகப் படையை நிறுத்த, மக்கள் வழக்காறு தெய்வத்தை நிறுத்துகிறது. இவ்வேறுபாடு ஏனைய மாவட்டங்களின் மந்திரவாதிக் கதைகளோடு ஒப்பிட்டு மேலும் ஆராயத்தக்கது.

5. மெய்க்களத்தின் மேன்மையைப் பேய்களின் பசியைக் கொண்டு நிறுவும் பரணி, அம்மேன்மையின் விலையைக் கணவனைத் தேடும் பெண்ணின் வாயிலாகப் பதிவு செய்துள்ளது.

மிகுபுனைவு உலகங்களை இன்று படைப்போரும் ஆராய்வோரும் கேட்கும் ‘மந்திரவாதி இருக்கப் படை எதற்கு?’ என்னும் வினா, தமிழ்ப் பரணியின் முன் வேறொரு வினாவாக உருமாறுகிறது: மாயத்தால் முடியாத எதனைப் படை செய்து முடிக்கிறது? அதன் விடையைக் களம் பாடியது ஒளிக்காமல் கூறுகிறது.